சென்னையிலிருந்து காஞ்சிக்கு: திருமுக்கூடல் வழியாக ஒரு நாள் பயணம்

விடுமுறை நெருங்கிவிட்டால் பங்குக் குடும்பங்களில் வேன் பேசுவது ஒரு பெரிய அலுவலாகிவிடுகிறது. எத்தனை பேர், என்ன வாடகை, யார் யார் எவ்வளவு போடுவது என்பனவெல்லாம் ஒரு வாரம் முன்னதாகவே முடிவாகிவிடும். எங்கே போகிறோம், எதைக் காண்கிறோம், எவ்வளவு நேரம் அங்கே நிற்கப்போகிறோம் என்பவை மட்டும் வண்டி புறப்பட்ட பிறகு தீர்மானிக்கப்படும். பயணத்தின் பயன் பாதி குறைவதற்கு இதுவே காரணம் என்று நாம் எண்ணுகிறோம்.

அண்மையில் ஒரு குடும்பத் தலைவர் தாம் வகுத்திருந்த திட்டத்தை நம்மிடம் காட்டினார். விடியற்காலை 4 மணிக்குச் சென்னையை விட்டுப் புறப்பட்டு, மாமல்லபுரம், திருக்கழுக்குன்றம், வேடந்தாங்கல், காஞ்சிபுரம், வேலூர்க் கோட்டை என்று பதினோரு இடங்களைச் சுற்றிவிட்டு நள்ளிரவில் வீடு திரும்புவதாக ஏற்பாடு. "பாட்டியம்மா வருகிறார்களா?" என்று கேட்டோம். "அவங்களால எங்ககூட ஓட முடியாது ஃபாதர், பக்கத்து வீட்ல விட்டுட்டுப் போறோம்" என்றார். எழுபத்தைந்து வயதான அத்தாய் ஊரை விட்டு வெளியே சென்று ஆறு ஆண்டுகள் ஆகின்றன என்பது நமக்குத் தெரியும். "ஐயா, பதினோரு இடங்களில் ஏழை அடித்துவிட்டால் பாட்டியம்மாவுக்கு வண்டியில் இடம் கிடைக்குமே" என்றோம். அவர் சற்று நேரம் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை எடுத்தார்.

அன்று அவருடன் அமர்ந்து வகுத்த திட்டத்தையே இங்கே சற்று விரித்து எழுதுகிறோம். சென்னையிலிருந்து காஞ்சிபுரம் வரையில் ஒரு நாள். நான்கே இடங்கள். முதியோரும் சிறுவரும் ஒருங்கே சென்று வரக்கூடிய வழி.

எந்தச் சாலை?

காஞ்சிபுரம் என்றதும் கைபேசி நமக்குக் காட்டுவது பூவிருந்தவல்லி, திருப்பெரும்புதூர் வழியாகச் செல்லும் பெங்களூர் நெடுஞ்சாலையை. ஏறத்தாழ 75 கிலோ மீட்டர். விரைவாகச் சென்று சேரவேண்டியவர்களுக்கு அது போதும். ஆனால் தெற்கே செங்கல்பட்டு வரையில் சென்று, அங்கிருந்து மேற்கே திரும்பிப் பாலாற்றை ஒட்டி வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிக்குப் போகும் பழைய சாலை ஒன்று உண்டு. இருபது கிலோ மீட்டருக்குச் சற்று மிகுதியாகச் சுற்றவேண்டும். அந்த மிகுதிக்குரிய எண்ணெய்ச் செலவைக் காட்டிலும் பன்மடங்கு பயன் அவ்வழியில் இருக்கிறது. திரும்பும்போது நெடுஞ்சாலையில் வந்துவிடலாம். ஒரே சாலையில் போய் அதே சாலையில் வருவதைவிட வட்டமாகச் சுற்றி வருவது சிறுவர்களுக்கும் பிடிக்கும்.

நேரத்தை வகுப்பதற்கு ஓர் எளிய உண்மையை முதலில் மனத்தில் கொள்ளவேண்டும். காஞ்சியிலுள்ள பழங்கோவில்கள் பெரும்பாலும் நண்பகலில் நடை சாத்தப்பட்டு மாலை 4 மணி அளவில் மீண்டும் திறக்கப்படுகின்றன. இதை அறியாமல் பகல் 12 மணிக்குப் போய் நிற்கும் குடும்பங்கள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் துணிக்கடைக்குள் நுழைகின்றன. ஆகவே வழியில் காணவேண்டியவற்றை முற்பகலிலும், நெசவை நண்பகலிலும், காஞ்சியின் கற்றளியை மாலையிலும் வைத்துக்கொள்ளவேண்டும். மற்றவை எல்லாம் இதற்கேற்ப அமையும்.

ஞாயிற்றுக்கிழமையைத் தவிர்த்துச் சனிக்கிழமையைத் தேர்ந்துகொள்வது நலம். திருப்பலியைப் பற்றிய கவலை இராது. மறுநாள் ஓய்வும் கிடைக்கும். மாதத்தைப் பொறுத்தவரையில் திசம்பர் பிற்பகுதி தொடங்கிப் பெப்ருவரி வரை மிக நன்று. மே மாத வெயிலில் காஞ்சியின் கருங்கல் தரையில் வெறுங்காலுடன் நடப்பது முதியோர்க்கு ஆகாது. நவம்பர் மழையில் பாலாற்றுக் கரையை நோக்கிப் போகாதிருப்பதே அறிவுடைமை. ஆண்டு முழுதும் வெறும் மணலாய்க் கிடக்கும் அந்த ஆறு 2021 நவம்பரில் இரு கரையும் புரளப் பெருக்கெடுத்ததைக் கண்டவர்கள் இதை மறக்கமாட்டார்கள்.

சைதாப்பேட்டைப் பாலமும் பரங்கிமலையும்

காலை 6 மணிக்குப் புறப்பட்டால் போதும். நான்கு மணிக்கு எழுப்பப்பட்ட குழந்தைகள் பத்து மணிக்கு உறங்கிவிடுகின்றன. அவர்களுக்காகத்தானே பயணம்!

சைதாப்பேட்டையில் அடையாற்றைக் கடக்கும்போது வண்டியின் வேகத்தைச் சற்றுக் குறைத்துக்கொண்டு பிள்ளைகளுக்கு ஒரு செய்தி சொல்லலாம். இன்றுள்ள மறைமலையடிகள் பாலம் பிற்காலத்தது. இவ்விடத்தில் முதன்முதலாகப் பாலம் கட்டியவர் கோஜா பெத்ருஸ் உஸ்கான் என்னும் ஆர்மேனிய வணிகர்; ஆண்டு 1726. அரசாங்கத்தின் பணத்தையன்று, தம் சொந்தப் பணத்தையே அவர் செலவிட்டார். பரங்கிமலைக்குச் செல்லும் திருப்பயணிகள் ஆற்றைக் கடக்கப் படும் துன்பத்தைக் கண்டு அவ்வாறு செய்தார் என்பர். மலைமீது ஏறும் படிக்கட்டுகளும் அவருடைய கொடையே. நாள்தோறும் பல்லாயிரம் வண்டிகள் ஓடும் இச்சாலையில் அவர் பெயரை அறிந்தவர் எத்தனை பேர்?

பரங்கிமலை முதல் இடம். புனித தோமையார் மறைசாட்சியாக உயிர் நீத்த இடம் என்று மரபு போற்றும் இக்குன்றின்மீது போர்த்துக்கீசியர் 1523-இல் ஆலயம் எழுப்பினர். 1547-இல் அங்கே நிலத்தை அகழ்ந்தபோது பாறையில் செதுக்கப்பட்ட சிலுவை ஒன்று கிடைத்தது. அதைச் சூழ்ந்துள்ள எழுத்துக்கள் பழம் பாரசீகத்தின் பாலவி எழுத்துக்கள். பாரசீக நாட்டிலிருந்து கடல் கடந்து வந்த கிறிஸ்தவர்கள் போர்த்துக்கீசியருக்குப் பல நூற்றாண்டுகள் முன்னரே இக்கரையில் வாழ்ந்தார்கள் என்பதற்கு அது கல்லாலான சான்று. நம் வாசகர்களில் பலர் இம்மலைக்குப் பன்முறை சென்றிருப்பார்கள். சிலுவையை முத்தி செய்துவிட்டு வந்திருப்பார்களேயன்றி எழுத்துக்களை உற்றுப் பார்த்திருப்பார்களா என்பது ஐயமே.

மலையுச்சியில் வேறொரு செய்தியும் உண்டு. இந்தியத் துணைக்கண்டம் முழுவதையும் முக்கோண முறையால் அளந்த பேரளவைக்கு அடிப்படைக் கோடு இம்மலையருகே இடப்பட்டது. வில்லியம் லாம்டன் என்னும் படைத்துறை அதிகாரி 1802 ஏப்ரல் 10-ஆம் நாள் அவ்வேலையைத் தொடங்கினார். ஏழரை மைல் நீளமுள்ள ஒரு நேர்கோட்டை எஃகுச் சங்கிலியால் அளந்து முடிக்க அவருக்கு 57 நாள்கள் பிடித்தன. பிற்காலத்தில் இமயத்தின் எவரெஸ்டுச் சிகரத்தின் உயரத்தைக் கணக்கிட்டதும் அதே அளவையின் தொடர்ச்சிதான். பள்ளியில் முக்கோணவியலைக் கண்டு அஞ்சும் பிள்ளைகளை அங்கே நிறுத்தி இதைச் சொல்லலாம். அரை மணி நேரம் போதும். முதியோருக்காக வண்டி மேலே செல்லும் பாதையும் இருக்கிறது.

அடுத்து வரும் பல்லாவரத்தில் நிற்பதற்கு ஒன்றும் இல்லை; சொல்வதற்கு மட்டும் உண்டு. 1863 மே 30-ஆம் நாள் இராபர்ட் புருஸ் பூட் என்னும் நிலவியலாளர் இங்கே ஒரு கற்கோடரியைக் கண்டெடுத்தார். தென்னாட்டில் பழைய கற்கால மனிதர் வாழ்ந்தார்கள் என்னும் உண்மை அன்று வெளிப்பட்டது.

வண்டலூரைக் கண்டதும் பிள்ளைகள் கூச்சலிடுவார்கள். 1985-இல் திறக்கப்பட்ட அவ்வுயிரியல் பூங்கா 600 எக்டருக்கு மேற்பட்ட பரப்புடையது. அதை ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடலாம் என்று எண்ணுவது வீண். அது தனியாக ஒரு நாளைக் கேட்கும் இடம். "அடுத்த முறை" என்று பெற்றோர் உறுதியாகச் சொல்லிவிடவேண்டும். சொன்னபடி அடுத்த முறை அழைத்துச் செல்லவும் வேண்டும்.

காலை உணவை வீட்டிலிருந்து கொண்டுவருவது நன்று. தாம்பரம் தாண்டி நிழலுள்ள ஓரிடத்தில் வண்டியை நன்றாக ஓரங்கட்டிவிட்டு உண்ணலாம். நெடுஞ்சாலையின் ஓரத்திலேயே பாய் விரிக்கும் குடும்பங்களைக் கண்டு நாம் பலமுறை நெஞ்சு பதறியிருக்கிறோம்.

செங்கல்பட்டைக் கடந்து

பரனூர் சுங்கச் சாவடியைத் தாண்டியதும் கொளவாய் ஏரி கண்ணில் படும். செங்கல்பட்டு ஊருக்குள் நாம் தங்கவேண்டியதில்லை. ஆனால் நகரை ஒட்டியுள்ள திருமணியைப் பற்றி இரண்டு சொற்கள். தொழுநோயாளருக்கென 1924-இல் அங்கே ஏற்பட்ட இல்லத்தை 1955-இல் இந்திய அரசு ஏற்றுத் தொழுநோய்க்கான பயிற்சி, ஆய்வு நிறுவனமாக மாற்றியது. இராபர்ட் காக்ரேன் என்னும் புகழ்பெற்ற தொழுநோய் மருத்துவர் இங்கே பணியாற்றினார். உற்றாரும் ஊராரும் ஒதுக்கிய மக்களுக்கு மருந்தும் இடமும் கொடுத்த ஊர் அது. நாம் அடுத்துக் காணப்போவதும் ஒரு மருத்துவமனையின் சுவடே. ஆனால் அது ஏறக்குறைய 950 ஆண்டுகளுக்கு முற்பட்டது.

செங்கல்பட்டிலிருந்து காஞ்சிச் சாலையில் திரும்பியதும் காட்சி மாறுகிறது. ஒருபுறம் குன்றுகள், மறுபுறம் சற்றுத் தொலைவில் பாலாறு. இருப்புப் பாதையும் இச்சாலையை ஒட்டியே ஓடுகிறது. அழகிய வழிதான், ஆயினும் ஓர் எச்சரிக்கை. இப்பகுதியிலுள்ள கல் குவாரிகளுக்குப் போகும் லாரிகள் பாரத்துடன் விரைந்து வருகின்றன. ஓட்டுநரை அவசரப்படுத்தக் கூடாது. முந்திச் செல்லும்படி பின்னாலிருந்து தூண்டும் இளைஞர்களை நடு இருக்கையில் உட்கார வைத்துவிடுவது உத்தமம்.

காஞ்சிக்கு ஏறத்தாழ 20 கிலோ மீட்டர் முன்னதாகப் பழையசீவரம் வருகிறது. குன்றின்மீது இலட்சுமி நரசிம்மர் கோவில். அங்கிருந்து ஆற்றின் குறுக்கேயுள்ள பாலத்தைக் கடந்தால் அக்கரையில் திருமுக்கூடல்.

மூன்று ஆறுகள் கூடும் ஊர்

கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் தோன்றி ஆந்திரத்தின் மூலையைத் தொட்டு வரும் பாலாறும், சவ்வாது மலையிலிருந்து இறங்கும் செய்யாறும், காஞ்சியைத் தொட்டு ஓடிவரும் வேகவதியும் இங்கே ஒன்று கூடுகின்றன. அதனால் ஊருக்கு இப்பெயர். "மூன்று ஆறு என்கிறீர்களே, ஒரு சொட்டுத் தண்ணீரையும் காணோமே!" என்று பிள்ளைகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. பாலாறு மணலுக்கு அடியில் ஓடும் ஆறு. மேலே காய்ந்திருந்தாலும் மணலைத் தோண்டினால் ஊற்று வரும். சுற்றியுள்ள பல ஊர்கள் அவ்வூற்றையே குடித்து வளர்ந்தன. மணல் அள்ளப்பட்ட அளவுக்கு ஊற்றும் வற்றியது. பழையசீவரத்தருகே அண்மைக் காலத்தில் தடுப்பணை கட்டப்பட்ட பின்னர் மழை பெய்த ஆண்டுகளில் நீர் தேங்கி நிற்பதைக் காணலாம். பாலத்தின்மேல் வண்டியை நிறுத்தாமல் அக்கரை சேர்ந்த பின் நின்று பார்க்கவேண்டும்.

ஆற்றங்கரையில் வேங்கடேசப் பெருமாள் கோவில். தொல்பொருள் துறையின் பாதுகாப்பிலுள்ளது. பல்லவ மன்னன் நிருபதுங்கன் காலத்துக் கல்வெட்டும் இங்கே உண்டு. ஆனால் அறிஞர் உலகம் இக்கோவிலை அறிந்திருப்பது வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்றினால். 1063 முதல் 1070 வரை ஆண்ட மன்னன் அவன். கங்கைகொண்ட இராசேந்திரனின் மகன். தென்னாட்டின் மிக நீண்ட கல்வெட்டுகளுள் ஒன்று இது. போர் வெற்றிகளும் தானங்களும் நிறைந்த மற்றக் கல்வெட்டுகளைப் போலன்றி, ஒரு கல்லூரியையும் அதன் விடுதியையும் ஒரு மருத்துவமனையையும் எவ்வாறு நடத்துவது என்பதைக் கணக்குப் பிள்ளையின் நுணுக்கத்தோடு இது சொல்கிறது.

மருத்துவமனைக்கு வீரசோழன் ஆதுலசாலை என்று பெயர். நோயாளர் 15 பேர் படுத்திருக்க இடம். ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு ஒரு நாழி அரிசி. மருத்துவர் ஒருவர், அவருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும், நிலமும். அறுவை செய்பவர் ஒருவர். அவருக்கு 30 கலம். (இன்றைய அறுவை மருத்துவர்கள் இக்கணக்கைக் கேட்டால் சோழனை மன்னிக்கமாட்டார்கள்!) மூலிகை பறித்து வரவும், விறகு கொணரவும், மருந்து காய்ச்சவும் இருவர். நோயாளருக்கு மருந்து கொடுத்துப் பேணப் பெண்கள் இருவர். நாவிதர் ஒருவர், தண்ணீர் கொண்டுவர ஒருவர். இரவு முழுவதும் எரிய ஒரு விளக்கு. அதற்கு எண்ணெய்ச் செலவு தனியாக.

அந்த விளக்கை எண்ணும்போதெல்லாம் நாம் வியப்படைகிறோம். நோயாளரின் அருகே இரவு விழித்திருந்தவர்களுக்கே அதன் அருமை தெரியும். இருட்டில் முனகும் மனிதனுக்கு வைத்தியன் வேண்டும், மருந்து வேண்டும் என்பதை எந்த அரசனும் எண்ணிப் பார்ப்பான். விடியும்வரை ஓர் ஒளி வேண்டும் என்பதையும் நினைத்து, அதற்குரிய தொகையைக் கல்லில் வெட்டி வைத்தவர் யாரோ, அவர் நோயாளியின் தலைமாட்டில் அமர்ந்திருந்தவராகவே இருக்கவேண்டும்.

ஆண்டு முழுவதற்கும் இருப்பில் வைத்திருக்கவேண்டிய மருந்துகளின் பட்டியலும் அக்கல்வெட்டில் இருக்கிறது. ஏறத்தாழ இருபது மருந்துகள். வாசா அரிதகி, தசமூல அரிதகி, கோமூத்திர அரிதகி, வில்வாதி கிருதம், மண்டூகர வடிகம், கல்யாண லவணம், புராண கிருதம் என்று போகிறது. அரிதகி என்பது நம் கடுக்காய். வாசா என்பது ஆடாதோடை. கிருதம் என்பது நெய். நம் பாட்டிமார் இருமலுக்கும் வயிற்றுக்கும் கொடுத்தவற்றின் உறவினர்களே இவை. வண்டியில் பாட்டியம்மா இருந்தால் இப்பட்டியலுக்கு அவர்களே உரை சொல்வார்கள். பேரப் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். இம்மருத்துவமனை இன்றைய அரசு மருத்துவமனையைப் போல எல்லோருக்கும் திறந்ததன்று. கோவிலைச் சார்ந்த பணியாளர்க்கும் கல்லூரி மாணவர்க்கும் உரியது. கல்லூரியில் படித்தவர் ஏறத்தாழ அறுபது பேர். வேதமும் இலக்கணமும் படித்தார்கள். இலக்கணத்துக்கு மட்டும் 20 பேர். அவர்களுக்கு உணவு, படுக்கப் பாய், இரவில் விளக்கு, சனிக்கிழமைதோறும் தலைமுழுக எண்ணெய். விடுதியில் தங்கிப் படிக்கும் நம் பிள்ளைகளைக் கேட்டால் சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு உடனே வாக்களிப்பார்களா என்பது தெரியவில்லை.

நாம் உள்ளே போகலாமா?

இக்கேள்வியைப் பங்கு மக்கள் நம்மிடம் தயங்கித் தயங்கிக் கேட்கிறார்கள். ஒரு தாய் கேட்டதை அப்படியே எழுதுகிறோம்: "சாமி, கல்வெட்டைப் பாக்கணும்னு ஆசையாத்தான் இருக்கு. ஆனா அது கோவில் இல்லீங்களா? நம்ம புள்ளைங்களைக் கூட்டிட்டுப் போனா பாவம் ஆயிடாதா?"

ஆகாது, அம்மா. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28-ஆம் நாள் வெளியிட்ட பிற சமயங்களைப் பற்றிய அறிக்கையில், அச்சமயங்களில் காணப்படும் உண்மையையும் தூய்மையையும் திருச்சபை புறந்தள்ளுவதில்லை என்று தெளிவாக எடுத்துரைத்தது. நம் அயலார் வழிபடும் இடத்திற்கு மரியாதையோடு சென்று, நம் முன்னோரின் அறிவையும் அறத்தையும் கண்டு வருவது விசுவாசத்துக்கு மாறானதன்று. வழிபாட்டில் பங்கு கொள்வது வேறு. பார்த்துக் கற்பது வேறு. இவ்வேறுபாட்டைப் பிள்ளைகளுக்கு வீட்டிலேயே விளக்கிவிட்டால் அங்கே போய்த் தடுமாறமாட்டார்கள்.

மறுபுறம், நமக்கும் கடமை உண்டு. அது காட்சிச்சாலை அன்று. பூசை நடைபெறும் கோவில். காலணியைக் கழற்றுவது, உடலை மூடிய உடை அணிவது, உரக்கப் பேசாதிருப்பது, பூசை நடக்கும்போது ஒதுங்கி நிற்பது, கேட்டுவிட்டுப் படம் எடுப்பது, பிற சமயத்தார் செல்லலாகாது என்று சொல்லும் இடத்தில் வாதாடாமல் நின்றுவிடுவது என்பன நம் ஆலயத்துக்கு வரும் இந்து அன்பர்கள் காட்டும் அதே பண்பு. வேளாங்கண்ணியில் அவர்கள் எவ்வளவு பணிவோடு நிற்கிறார்கள் என்பதை நாம் கண்டிருக்கிறோமல்லவா? கல்வெட்டின்மீது எண்ணெயோ சுண்ணமோ தடவி எழுத்தைத் தெளிவாக்க முயல்வதும், குழந்தைகள் விரலால் தேய்ப்பதும் அறவே கூடாது.

சிற்றூர்க் கோவிலாதலால் நாள் முழுவதும் திறந்திருக்கும் என்று எதிர்பார்க்க இயலாது. காலை 9 மணிக்கும் 11 மணிக்கும் இடையில் சென்று சேர்வது பொருத்தம். ஊருக்குள் பெரிய உணவு விடுதிகளோ, பெண்களுக்கு வசதியான கழிப்பிடமோ கிடைக்கும் என்று நம்பிச் செல்லவேண்டாம். செங்கல்பட்டை விட்டுப் புறப்படுமுன் பெட்ரோல் நிலையம் ஒன்றில் இத்தேவையை முடித்துக்கொள்வது நல்லது. பயணத் திட்டம் வகுப்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். இந்த ஒன்றை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் தாங்கிக்கொண்டு வரும் தாய்மார்கள் மாலையில் தலைவலியோடு திரும்புகிறார்கள்.

பொங்கலை அடுத்துக் காஞ்சி வரதராசப் பெருமாள் பாரிவேட்டைக்காகப் பழையசீவரத்துக்கு எழுந்தருள, அன்று திருமுக்கூடலில் சுற்றுப்புற ஊர்களின் பெருமாள்களும் சேர்ந்து ஐவராகக் காட்சி தருவது வழக்கம். ஆற்று மணலில் மக்கள் வெள்ளம் திரளும். கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் கல்வெட்டை அமைதியாகப் பார்க்க விரும்புவோர் அந்நாளைத் தவிர்க்கவேண்டும்.

இளைஞர் மட்டும் செல்லும் குழுவாயின் இங்கிருந்து தெற்கே உத்திரமேரூருக்குப் போய்வரலாம். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-இலும் 921-இலும் வெட்டப்பட்ட குடவோலைத் தேர்தல் விதிகள் அங்குள்ளன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்து, 35 வயதுக்கு மேல் 70-க்குள் இருப்போர், கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையும் உடையோர் ஆகியோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்திலிட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தார்கள். முன்பு பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதவர்களும் அவர்களுடைய உறவினர்களும் நிற்க முடியாது. பங்குப் பேரவை உறுப்பினர்கள் கட்டாயம் சென்று பார்க்கவேண்டிய இடம் என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறோம். பாட்டியம்மா உடன் வரும் நாளில் அந்தச் சுற்று வேண்டாம்.

தறியின் முன்னால்

வாலாஜாபாத் கடந்து நண்பகலில் காஞ்சியை அடையலாம். வாலாஜாபாத் ஆங்கிலேயர் காலத்துப் படை முகாம், இன்று கடைத்தெரு. நிற்கவேண்டாம். காஞ்சியில் மதிய உணவுடன் காஞ்சிபுரம் இட்டிலி கிடைக்குமானால் வாங்கிச் சுவைக்கலாம். மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் சேர்த்து மந்தாரை இலையில் அவிப்பது. முதியோர் வயிற்றுக்கும் ஒத்துக்கொள்ளும்.

உண்டபின் நேரே கடைக்குப் போகாமல் முதலில் ஒரு தறியைப் பார்க்கவேண்டும். பிள்ளையார்பாளையம் போன்ற தெருக்களில் இன்றும் வீட்டுக்குள் தறி உண்டு. வேலை செய்யும் வீடு அது என்பதை மறவாமல் அனுமதி கேட்டு நுழையவேண்டும். பாவுக்கும் ஊடைக்கும் பயன்படும் பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்தும், சரிகை சூரத்திலிருந்தும் வருகின்றன. காஞ்சிச் சேலையின் தனிச் சிறப்பு கோர்வை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறு நிறம் என்று மூன்று நாடாக்களால் நெய்து, ஒவ்வோர் இழையிலும் கரையை உடலோடு கோத்து இணைப்பார்கள். நெய்பவர் ஒருவர், எதிர்ப்பக்கத்துக் கரை நாடாவை வாங்கித் தர இன்னொருவர். முன்னாளில் அந்த இன்னொருவர் பெரும்பாலும் பள்ளிக்குப் போகாத சிறுவனாயிருந்தான். 1990-களில் இக்கொடுமை பலராலும் எடுத்துக்காட்டப்பட்டது. இப்போது அவ்விடத்தில் மனைவியோ கணவரோ அமர்ந்திருப்பதைக் காணலாம். முந்தானையின் நிறம் மாறும் இடத்தில் பழைய பாவின் ஒவ்வோர் இழையையும் புதிய பாவின் இழையோடு சேர்ப்பதற்குப் பெட்னி என்று பெயர்.

ஒரு சேலைக்குப் பத்து நாள்களும் ஆகலாம், இருபது நாள்களும் ஆகலாம். நெசவாளருக்குக் கிடைப்பது கூலி. கடையில் நாம் கொடுக்கும் விலை வேறு. நம் குடும்பங்களில் மகளின் திருமணச் சேலைக்காக ஆண்டுக்கணக்கில் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தோடு காஞ்சிக்கு வருகிறார்கள். அப்பணம் விசைத்தறியில் நெய்த போலிச் சேலைக்குப் போய்விடுவதை நாம் பார்த்திருக்கிறோம். தெருமுனையில் வண்டியை மறித்து "நெசவாளர் வீட்டு விலை" என்று அழைத்துப் போகும் தரகருக்கும், சில வேளைகளில் நம் வண்டி ஓட்டுநருக்குமே, கடைக்காரர் கொடுக்கும் பங்கு அச்சேலையின் விலையில்தான் ஏறுகிறது.

ஆகவே சில எளிய முறைகள். நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் விற்பனை நிலையங்களுக்குச் செல்லலாம்; விழாக் காலங்களில் தள்ளுபடியும் உண்டு. பட்டு முத்திரையையும் கைத்தறி முத்திரையையும் கேட்டுப் பார்க்கலாம். காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. சேலையின் ஓரத்தில் தொங்கும் ஓர் இழையை எரித்தால் தூய பட்டாயின் மயிர் கருகும் நாற்றம் வரும்; சாம்பல் விரலில் பொடியாகும். செயற்கை இழையாயின் உருகி உருண்டுவிடும். சரிகையைச் சுரண்டினால் உள்ளே சிவந்த பட்டு இழை தெரியவேண்டும். சேலையைத் திருப்பிப் போட்டுக் கோர்வை இணைந்த இடத்தைத் தடவிப் பார்த்தால் கைத்தறியின் மேடு பள்ளம் விரலுக்குத் தெரியும். தறியை ஒரு முறை பார்த்துவிட்ட பெண்மணிகளை ஏமாற்றுவது எளிதன்று. அவர்கள் பேரம் பேசும் முறையும் சற்று மாறிவிடுகிறது.

மாலை வெயிலில் கைலாசநாதர்

4 மணிக்குக் கைலாசநாதர் கோவில். இராசசிம்மப் பல்லவன் 700-ஆம் ஆண்டையொட்டி எழுப்பிய மணற்கல் தளி. ஊரின் மேற்கு ஓரத்தில் இருப்பதால் கூட்டம் குறைவு, புல்வெளி உண்டு, முதியோர் அமர இடமுண்டு. சுற்றுமதிலை ஒட்டி 58 சிறு கோயில்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் உள்ளே பழைய ஓவியங்களின் துணுக்குகள் ஆங்காங்கே எஞ்சியிருக்கின்றன. மாலைச் சூரியன் மேற்கே சாயும்போது மணற்கல்லின் நிறம் மாறுவதைக் காண்பதற்காகவே இந்நேரத்தை வைத்தோம். சீன யாத்திரிகர் யுவான் சுவாங் 640-ஐ ஒட்டிக் காஞ்சிக்கு வந்தபோது இக்கோவில் இல்லை. அவர் கண்ட பௌத்த மடங்கள் இன்று இல்லை.

காஞ்சியில் மற்றக் கோவில்களையும் அறிஞர் அண்ணா பிறந்த இல்லத்தையும் பார்க்கவேண்டும் என்போர் இன்னொரு நாள் வரலாம். காஞ்சி எங்கும் போய்விடாது.

திரும்பும் வழி

திரும்பும் வழி பெங்களூர் நெடுஞ்சாலை. சுங்குவார்சத்திரம், திருப்பெரும்புதூர் என்று வரும். இராமாநுசர் பிறந்த ஊர் திருப்பெரும்புதூர். 1991 மே 21-ஆம் நாள் இராஜீவ் காந்தி கொல்லப்பட்டதும் அங்கேதான். நினைவிடத்தைப் பகலில்தான் பார்க்க முடியும் என்பதால் வண்டியிலிருந்தே பிள்ளைகளுக்குக் காட்டிவிடலாம்.

ஓட்டுநரைப் பற்றி ஒரு சொல். முந்தின இரவு திருப்பதிக்கோ வேளாங்கண்ணிக்கோ ஓட்டிவிட்டு உறங்காமல் வந்தவரா என்பதை வண்டி பேசும்போதே கேட்டு உறுதி செய்துகொள்ளவேண்டும். நாம் நெசவைப் பார்க்கும் இரண்டு மணி நேரம் அவர் உறங்குவதற்கு உரியது. பார்சல் வாங்கி வரச் சொல்லி அந்நேரத்தைப் பறிக்கக் கூடாது. அவருக்கும் நம்மோடு ஓரிலை போடவேண்டும்.

மாலை வேளையில் திருப்பெரும்புதூர்ப் பகுதியின் தொழிற்சாலைப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சாலையில் இறங்குகின்றன. 5 மணிக்கே காஞ்சியை விட்டுவிட்டால் 7.30 அளவில் பூவிருந்தவல்லியை எட்டலாம். அதற்குள் கிளம்ப முடியாமற்போனால் பதறவேண்டாம். காஞ்சியிலேயே இரவு உணவை முடித்துக்கொண்டு 8 மணிக்குப் பின் புறப்பட்டால் சாலை தெளிந்திருக்கும்.